விட்டுவிடும் விழா

ரொறொன்ரோவில் செப்டெம்பர் பிறந்தால் இரண்டு சங்கதிகள் உதிரும். ஒன்று மேப்பிள் இலை. மற்றது பள்ளிக்கூட ரீச்சர்மார். இலை உதிர்வதற்குக் குளிர்தான் காரணம் என்று விஞ்ஞானம் சொல்கிறது. ரீச்சர்மார் உதிர்வதற்கு விஞ்ஞானத்தில் விளக்கம் இல்லை. அதற்குக் கல்விச் சபையைத்தான் கேட்கவேண்டும்.

வேலை நடக்கிற ஒழுங்கு இதுதான். செப்டெம்பர் முதல் கிழமை பள்ளிக்கூடம் திறக்கும். சின்னப் பிள்ளைகள் வாசலில் நின்று தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். ரீச்சர் வந்து விரல் விரலாகக் கழற்றி உள்ளே கூட்டிக்கொண்டு போவார். மெல்ல மெல்லக் கதிரை பழகும், பக்கத்துப் பிள்ளையின் பெயர் பழகும், அழுகை நிற்கும். அழுகை எல்லாம் நின்றுவிட்டது என்று உறுதியான பிறகு கல்விச் சபை விழித்தெழுந்து பிள்ளைகளை எண்ணத் தொடங்கும். எண்ணி முடித்ததும் வகுப்புகளைக் கலைத்து மறுபடி அடுக்கும். முதலே எண்ணிவிட்டு வகுப்பைத் தொடங்கினால் என்ன என்று கேட்கக்கூடாது. அழுகிற பிள்ளையை எவனும் கலைப்பான். பழகிவிட்ட பிள்ளையைக் கலைப்பதில்தான் நிர்வாகத்தின் திறமை இருக்கிறது.

கீதனுக்கு இது ஒன்றும் தெரியாது. அவன் ஸ்காபரோவில் கார்களுக்கு ரயர் மாற்றுகிற கடை ஒன்றில் வேலை செய்கிறவன். பள்ளிக்கூடம் என்றால் வாசலிலேயே குரலைத் தாழ்த்திக்கொள்கிற ரகம். அதிபர் கண்டு தலையாட்டினால் அன்று முழுக்க அவனுக்குச் சந்தோசமாக இருக்கும். அவன் மனைவி மயூரிக்கு முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை. இருவருக்கும் ஒரே பிள்ளை, அட்சயா, ஆறு வயது.

அட்சயா வீட்டில் வாய் ஓயாதவள். குளிர்ப்பெட்டியோடும் கதைப்பாள். தாயின் ஆங்கிலத்தைத் திருத்துவாள். தகப்பன் போனில் கதைக்கும்போது இடையில் புகுந்து மறுமுனைக்குப் பதில் சொல்வாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். பாலர் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தாள், ஒரு சொல் பேசவில்லை. மருத்துவர் அதற்கொரு பெயர் சொன்னார். வற்புறுத்த வேண்டாம், நம்பிக்கை வந்த ஓர் ஆளோடு தானாகவே தொடங்குவாள், பிறகு அந்த ஆளை மாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றுகூடக் கேட்கமுடியாமல் பிள்ளை பின்னேரம் வரைக்கும் அடக்கிக்கொண்டு இருந்தாள். சில நாட்கள் நனைந்த உடுப்போடு வந்து காரில் ஏறினாள். மயூரி அவளுக்குத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள்.

முதலாம் வகுப்பில் மிஸ் ஷாமிலா வந்தார். அவர் அட்சயாவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு சின்னக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, தன்பாட்டில் கடதாசி வெட்டிக்கொண்டும் முணுமுணுத்துக்கொண்டும் இருந்தார். அவ்வளவுதான் அவருடைய வைத்தியம். செப்டெம்பர் முடிகிற நேரம் ஒருநாள் அட்சயா அவருடைய காதருகே குனிந்து, வாஷ்ரூம் போகலாமா என்று கேட்டாள்.

மிஸ் ஷாமிலா மத்தியானமே மயூரிக்குப் போன் எடுத்துச் சொன்னார். இரண்டு பெண்களும் போனில் அழுதார்கள். அன்று இரவு மயூரி சாமிப்படத்துக்கு முன்னால் கட்டி கட்டியாகக் கற்பூரம் கொளுத்தியதில் வீட்டுப் புகைமணி அடித்தது. கதிரையில் ஏறி நின்று அதை நிறுத்தும்போது கீதன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அதற்கடுத்த நாள்தான் பள்ளிக்கூடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. "அன்பான குடும்பங்களே! இலையுதிர்காலம் எங்களுக்கு என்ன கற்பிக்கிறது?" என்று தொடங்கியது.

"எனக்கெண்டால் குளிர் ரயர் மாத்தச் சொல்லிக் கற்பிக்குது" என்றான் கீதன்.

மயூரி தொடர்ந்து வாசித்தாள். பள்ளிக்கூடம் 'புதிய தொடக்கங்களின் வாரம்' கொண்டாடப்போகிறது. அதன் கடைசி நாள் 'விட்டுவிடும் விழா'. பெற்றோர் மண்ணிறத்தில் உடுத்து வரலாம். பூசணிக்காயைப் பற்றி ஒரு வசனமும் சூடான சொக்லேட் பற்றி ஒரு வசனமும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வசனம் நசுங்கிக் கிடந்தது.

"இஞ்சேருங்கோ, ஏழாம் நம்பர் அறை எண்டால் எங்கட பிள்ளையின்ர வகுப்பெல்லோ?"

"ஓம். ஏன்?"

"அந்த வகுப்பு ட்ரான்சிஷன் ஆகுதாம்."

"அதென்ன?"

"விளங்கேல்லை. நல்ல விசயமாத்தான் இருக்கவேணும். பக்கத்தில பூசணிக்காய் சிரிச்சுக்கொண்டு நிக்குது."

அந்தப் பூசணிக்காய் சிரித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் உண்டு. ஒக்ரோபர் கடைசியில் வருகிற பேய்த் திருநாளுக்குப் பூசணிக்காயில் முகம் வெட்டி வைப்பது இந்த நாட்டு வழக்கம். அந்தப் பள்ளிக்கூடத்தில் பூசணிக்காயைக் கத்தியால் வெட்டத் தடை. ஆகவே பேனையால் முகம் வரைவார்கள். பயங்கர முகம் வரையவும் தடை, பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம். கவலை முகத்துக்கும் தடை, பூசணிக்காய்க்கு ஏன் கவலை என்று பிள்ளைகள் கேட்டால் ஆலோசகரைக் கூப்பிட வேண்டிவரும். மிஞ்சியது சிரிப்பு ஒன்றுதான். பேய்க்குப் பயந்த ஊரில் பிறந்த இந்தக் காய், ஒக்ரோபர் முழுவதும் ஒரு முகாமையாளரைப் போலச் சிரித்தே தீரவேண்டும்.

விளக்கக் கூட்டம் பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. அதிபர் பேர்ணடெற் அம்மையார் மேடைக்கு வந்தார். அவர் பேசும்போது இரண்டு கைகளையும் நெஞ்சருகே குவித்து வைத்துக்கொள்வார். உள்ளே ஒரு குருவிக்குஞ்சு இருக்கிறது என்று தோன்றும்.

"ஒரு மரம் தன் இலையை இழக்கிறதா?" என்று அம்மையார் கேட்டார். பிறகு தானே பதிலும் சொன்னார். "இல்லை. மரம் இலையை விடுவிக்கிறது. நாங்களும் மிஸ் ஷாமிலாவை இழக்கவில்லை. அவரை விடுவிக்கிறோம்."

மண்டபத்தில் சிலர் கை தட்டினார்கள். சுவரோரம் நின்ற மிஸ் ஷாமிலா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கீதன் கையை உயர்த்தினான். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில்கூட அவன் கை உயர்த்தியவன் அல்ல. "அவர் எங்கே போவார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"விடுவித்த ஒருவர் எங்கே போகிறார் என்று விசாரிப்பது அவருடைய சுதந்திரத்தில் தலையிடுவது" என்றார் அம்மையார் கனிவாக.

"ஏன் போகவேண்டும்?"

அதற்கு அம்மையார் மகிழ்ச்சியோடு பதில் சொன்னார். வகுப்பென்றால் இருபது பிள்ளைகள். ஏழாம் அறையில் பத்தொன்பது. கோடையில் ஒரு குடும்பம் பக்கத்து நகரமான அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டது. "பத்தொன்பது பிள்ளைகள் என்பது ஒரு வகுப்பு அல்ல. அது சில பிள்ளைகள் ஓரிடத்தில் இருப்பது." ஆகவே அந்தச் சில பிள்ளைகளும் வேறு வேறு அறைகளுக்குப் பகிரப்படுவார்கள். வெள்ளிக்கிழமை சபையின் அதிகாரிகள் எண்ண வருவார்கள். அதன் பிறகு எண் மாறாது.

"என் மகள் இப்போதுதான் பேசத் தொடங்கினாள். இந்த ரீச்சரோடு மட்டும்" என்றான் கீதன். மயூரி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

இதற்குப் பதில் சொல்லச் சபை ஓர் ஆளை அனுப்பியிருந்தது. பெயர் றொபேட். பதவி, மாற்ற ஆலோசகர். கழுத்தில் இலை நிறத்தில் ஒரு சால்வை. அவர் எழுந்து, "பேசத் தொடங்கிய பிள்ளைக்கு மாற்றம் மிக நல்லது" என்றார்.

"பேசாத பிள்ளைக்கு?"

"அதற்கும் மிக நல்லது."

"மாற்றம் யாருக்குக் கூடாது?"

றொபேட் உண்மையாகவே யோசித்தார். "அப்படி ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. பதினெட்டு வருடமாக இதே கதிரையில் இருக்கிறேன். வேறு பிரிவுக்கு இரண்டு தரம் மாற்றப் பார்த்தார்கள். தொழிற்சங்கத்தில் முறையிட்டு நிறுத்திவிட்டேன்."

வீட்டுக்கு வரும் வழியில் மயூரி அந்த மின்னஞ்சலை மறுபடி வாசித்துக்கொண்டு வந்தாள். கீதன் திடீரென்று சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டுத் தொடையில் அடித்தான். அஜக்ஸுக்குப் போன குடும்பம் வேறு யாருமல்ல. ஒரே கட்டடத்தில் குடியிருந்த அன்புராசா அண்ணைதான். அவருடைய மகள் ஷரோன்தான் அந்த இருபதாவது பிள்ளை. ரீச்சரைப் பிடித்துவைக்க ஒரு பிள்ளை போதுமென்றால், ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தால் போச்சு!

மறுநாள் சனிக்கிழமை. அவன் போன் எடுத்தான்.

"அண்ணை, ஒரு உதவி வேணும்."

"சொல்லு தம்பி. குளிர் ரயர் வந்திட்டுதோ?"

"ரயர் இல்லை அண்ணை. உங்கட ஷரோன் வேணும்."

கீதன் விசயத்தைச் சொன்னான். அன்புராசா இடையிடையே "சீ", "உதென்ன கோதாரி" என்று சொல்லிக்கொண்டு கேட்டார்.

"இந்த நாட்டில காரைக் கடன் கேட்டவை. மெத்தையைக் கடன் கேட்டவை. பிள்ளையைக் கடன் கேட்ட முதல் ஆள் நீதான்."

"கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணை. அவளின்ர மாமி இன்னும் எங்கட கட்டடத்திலதானே இருக்கிறா. அந்த விலாசத்தைக் குடுக்கலாம். அக்காவும் ஸ்காபரோவுக்குத்தானே வேலைக்கு வாறா, காலமை அவாவோட வரட்டும்."

பின்னால் அவருடைய மனைவி அருள்நாயகி ஏதோ கேட்பதும் ஷரோன் துள்ளிக் குதிப்பதும் கேட்டன. அஜக்ஸ் பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கூட்டாளிகள் இன்னும் பிடிபடவில்லை.

"சரி, உன்ர பிள்ளைக்காக" என்றார் அன்புராசா. "அந்தக் குஞ்சு கதைக்கிறதை நான் ஒருக்காக் கேக்கவேணும்."

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை."

"எனக்கென்ன விசரே?"

எங்கள் சனத்திடம் "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றால், சங்கதி சொல்லப்படத் தகுந்தது என்று முத்திரை குத்திக் கொடுப்பதாக அர்த்தம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கோவில் வாகனத் தரிப்பிடத்தில் நின்று அன்புராசா ஒரேயொரு ஆளுக்கு மட்டும் சொன்னார். அந்த ஆள் மாக்கஸ். முன்பு அதே கட்டடத்தில் இருந்து இப்போது அஜக்ஸுக்கும் அப்பால் ஒஷாவாவில் இருக்கிறவர்.

வெள்ளிக்கிழமை காலை கீதன் பள்ளிக்கூட வாசலில் நின்றான். அருள்நாயகியின் கார் வந்தது. ஷரோன் இறங்கி ஓடிப்போய் அட்சயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெருமூச்சு விடுவதற்குள் இன்னொரு வான் வந்து நின்றது. மாக்கஸ் இறங்கினார். அவருக்குப் பின்னால், அட்சயாவின் வயதேயான அவருடைய மகள், முதுகில் பையோடு.

"தம்பி கீதன், உனக்கு ஒரு பிள்ளை குறையுதெண்டு அன்புராசா சொன்னவர்" என்றார் மாக்கஸ். "இருட்டோட வெளிக்கிட்டு நெடுஞ்சாலை நெரிசலில நிண்டு நிண்டு வாறன். எங்கட சனத்துக்கு நாங்கள்தானே உதவவேணும். பழைய விலாசத்தில வங்கிக் கடிதம் இன்னும் வருது, அதைக் காட்டி நேற்றே பதிஞ்சுபோட்டன்."

கீதனுக்குக் கண் கலங்கிவிட்டது. குறைவதுதான் பிரச்சினை என்றால் கூடுவது நல்லதுதானே என்று நினைத்தான். ரயர் கடையில் ஒரு ரயர் மேலதிகமாக இருந்தால் ஒருவரும் அழுவதில்லை. அவன் மாக்கஸின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

சபையின் அதிகாரிகள் இரண்டு பேர் கையில் எண்ணும் பொத்தானோடு வந்தார்கள். கதிரையில் இருக்கும் பிள்ளைதான் பிள்ளை. எழுந்து நிற்கும் பிள்ளை சந்தேகத்துக்குரியது. கழிப்பறையில் இருக்கும் பிள்ளை அந்த நேரத்துக்கு இல்லை. ஒரு பிள்ளை பென்சில் தீட்டப் போனதால் ஆறாம் அறையை முதலிலிருந்து எண்ணினார்கள். ஏழாம் அறையில் எல்லாரும் கல்லுப்போல இருந்தார்கள். எண்ணிக்கை இருபத்தொன்று.

திங்கட்கிழமை அம்மையாரே போன் எடுத்தார். ஏழாம் அறை வகுப்பாக அங்கீகரிக்கப்பட்டுவிட்டது. மிஸ் ஷாமிலா அங்கேயே இருப்பார். கீதன் கடையில் நின்று கூவியதில், தூக்கியிருந்த காருக்குக் கீழிருந்த ஆள் பயந்து வெளியே உருண்டு வந்தான்.

"ஒரு சின்ன விடயம்" என்றார் அம்மையார். "இருபதுக்குக் குறைந்தால் வகுப்பில்லை. இருபதுக்குக் கூடினால் அது பாதுகாப்பான வகுப்பில்லை. ஆகவே ஒரு பிள்ளைக்கு மட்டும் விசேடமான புதிய தொடக்கம் கிடைக்கும். யார் என்பதை நாங்கள் தீர்மானிக்கமாட்டோம். பிள்ளைகளின் குரலே தீர்மானிக்கும். விழாவில் அறிவிப்போம்."

"அது ஒஷாவாப் பிள்ளையாத்தான் இருக்கும்" என்று கீதன் அன்றிரவு மயூரிக்குச் சொன்னான். "கடைசியா வந்தது அவள்தானே. அவளுக்கு எந்த அறையெண்டாலென்ன? மாக்கஸ் அண்ணை எப்படியும் கொஞ்ச நாளில கூட்டிக்கொண்டு போயிடுவார்."

"கடவுளே எண்டு அப்பிடியே இருக்கட்டும்" என்றாள் மயூரி.

விட்டுவிடும் விழாவுக்குக் கீதன் மண்ணிறச் சேட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனான். மேடையில் ஒரு பெரிய மரம் நின்றது. பிளாஸ்ரிக் மரம். உண்மையான கிளை ஒருவருக்கும் படக்கூடாது, ஒவ்வாமை. இலைகள் கடதாசியில் வெட்டி, கிழியாமல் இருக்க மேலே பிளாஸ்ரிக் ஒட்டப்பட்டவை. ஒவ்வொரு பிள்ளையும் தான் விட்டுவிட விரும்புவதை ஓர் இலையில் எழுதி, மரத்திலிருந்து கீழே விடவேண்டும். ஆனால் நிலத்தில் கிடக்கும் இலையில் யாராவது வழுக்கிவிடலாம் என்று சபை எச்சரித்திருந்தது. ஆகவே இலைகளை முதல்நாளே நிலத்தில் பசைநாடாவால் ஒட்டிவிட்டார்கள். பிள்ளைகள் மரத்தடிக்கு வந்து வெறும் கையை விரித்து, விடுவதுபோலக் காட்டிவிட்டுப் போனார்கள். ஒரு பையன் தன் தம்பியை விட்டுவிட விரும்புவதாக எழுதியிருந்தான். அதை மட்டும் பிய்த்து எடுத்துவிட்டார்கள்.

கடைசியில் அம்மையார் மைக்கைப் பிடித்தார். "இப்போது, எங்கள் பள்ளியின் மிகத் துணிச்சலான பிள்ளை. தானாக முன்வந்து புதிய தொடக்கத்தைத் தேர்ந்த பிள்ளை!"

எல்லாரும் கை தட்டினார்கள். கீதனும் தட்டினான். யார் பெற்ற பிள்ளையோ, நல்லாயிருக்கட்டும் என்று மனதார நினைத்துத் தட்டினான்.

"அட்சாயா!" என்று பெயரைப் பிழையாக இழுத்தார் அம்மையார்.

கீதனின் கை அந்தரத்தில் நின்றது. மேடை ஓரத்திலிருந்து யாரோ அட்சயாவை மெதுவாக முன்னுக்குத் தள்ளினார்கள். பிள்ளையின் முகம் வெளிறிப்போயிருந்தது.

றொபேட் மைக்கை வாங்கி, தெரிவு நடந்த முறையை விளக்கினார். அவர் அந்த வகுப்பில் ஒரு காலை முழுவதும் செலவிட்டிருக்கிறார். "வேறு அறைக்குப் போக விருப்பமில்லாதவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள் என்று கேட்டேன். இருபது பிள்ளைகள் சொன்னார்கள். சிலர் கத்திச் சொன்னார்கள். ஒருவர் மேசைக்குக் கீழே போய்ச் சொன்னார். இந்தப் பிள்ளை மட்டும் ஒரு எதிர்ப்பும் தெரிவிக்கவில்லை. மறுபடி கேட்டேன். அப்போதும் இல்லை. இவ்வளவு தெளிவான சம்மதத்தை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை."

மௌனம் சம்மதம் என்று எங்கள் ஆட்கள் கலியாணப் பேச்சில் சொல்வார்கள். அதுவும் பெண் அடுப்படியில் நின்று அழுகிறாளா என்று ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். எட்டிப் பார்ப்பதற்குச் சபையின் விதியில் இடமில்லை.

"அவள் கதைக்கமாட்டாள்!" என்று கீதன் எழுந்து கத்தினான். "உங்களுக்கு அது தெரியும்! நான் சொன்னேன்!"

"எங்கள் பெற்றோரின் உணர்ச்சிக்கும் ஒரு கைதட்டு" என்றார் அம்மையார். மண்டபம் தட்டியது.

வாசலில் மிஸ் ஷாமிலா அவர்களைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. "நான் அவர்களிடம் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். பிள்ளைக்காகக் குரல் கொடுத்ததற்கு எனக்குப் பாராட்டுப் பத்திரம் தந்தார்கள்" என்றார்.

அட்சயாவுக்குக் கிடைத்த புதிய தொடக்கம் பள்ளிக்கூட முற்றத்தில் நின்ற ஒரு போட்டபிள், தற்காலிக வகுப்பறை. சக்கரம் கழற்றிய பெட்டிபோல இருக்கும். மற்ற அறைகளில் மிஞ்சிய பிள்ளைகளை மூன்று வகுப்புகளிலிருந்து சேர்த்து அதற்குள் விட்டிருந்தார்கள். நிரந்தர ரீச்சர் இன்னும் வரவில்லை. வருகிற ஆட்கள் வந்துபோனார்கள். கழிப்பறை பெரிய கட்டடத்துக்குள் இருந்தது. போவதற்குக் கை உயர்த்தி, பெயர் சொல்லி, அனுமதி கேட்கவேண்டும். அட்சயா அந்தக் கிழமையே நனைந்த உடுப்போடு காரில் ஏறினாள். இந்தமுறை அவள் வீட்டிலும் கதைக்கவில்லை. குளிர்ப்பெட்டியோடும் இல்லை.

அன்புராசா விசயம் கேள்விப்பட்ட அன்றிரவே போன் எடுத்தார். "தம்பி, நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மாக்கஸுக்குச் சொன்னது என்ர பிழை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காப் போச்சு."

"உங்களில பிழையில்லை அண்ணை. நானெல்லோ பிள்ளை பிடிக்க வெளிக்கிட்டவன்."

தன் கையாலேயே தன் பிள்ளையைத் தள்ளிவிட்டதாக அவன் நினைத்தான். மாக்கஸ் மகளை உடனே ஒஷாவாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அருள்நாயகியின் வேலை நேரம் மாறியதில் ஷரோனும் அஜக்ஸுக்குத் திரும்பினாள். ஏழாம் அறையில் இப்போது இரண்டு கதிரைகள் காலி. அதைக் கேள்விப்பட்டதும் கீதனும் மயூரியும் அட்சயாவைக் கூட்டிக்கொண்டு அதிபரின் அலுவலகத்துக்குப் போனார்கள்.

மேசையில் ஒரு பூசணிக்காய் சிரித்துக்கொண்டு இருந்தது. அம்மையாரும் அதே மாதிரி இருந்தார். பக்கத்தில் றொபேட்.

"அந்த வகுப்பில் இரண்டு கதிரை காலி. ஒன்றில் எங்கள் பிள்ளையை விடுங்கள்" என்றாள் மயூரி.

"காலி இல்லை" என்றார் அம்மையார். "எண்ணிக்கை முடிந்துவிட்டது. எண்ணிக்கையின்படி அந்தக் கதிரைகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

"அந்தப் பிள்ளைகள் அஜக்ஸிலும் ஒஷாவாவிலும் இருக்கிறார்கள்" என்றான் கீதன். "நான்தான் கூட்டிவந்தேன். அது என் பிழை. என்ன தண்டனை என்றாலும் தாருங்கள்."

"அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது போக்குவரத்து சம்பந்தப்பட்டது. நாங்கள் கல்வி சம்பந்தப்பட்டவர்கள்."

மயூரி மேசையில் கையை ஊன்றினாள். அவள் வேலை செய்கிற இல்லத்தில் கதைக்க முடியாத கிழவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணால் தண்ணீர் கேட்டாலே அவளுக்கு விளங்கும். "இந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். ஒருதரம் பாருங்கள்" என்றாள்.

அவர்கள் பார்க்கவில்லை. றொபேட் தன் சால்வையைச் சரிசெய்தார். "முகத்தை வைத்து ஊகிப்பது ஆபத்து. அவருக்காகப் பெரியவர்கள் பேசுவதும் சரியல்ல. அவர் கேட்டாரா? கேட்டால் கதவு திறந்திருக்கிறது. இங்கே பிள்ளையின் குரல்தான் எல்லாம்."

கீதன் குனிந்து மகளைப் பார்த்தான். அவளைக் கேட்கச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. வற்புறுத்த வேண்டாம் என்று மருத்துவர் சொன்னது அவனுக்கு மறக்கவில்லை. அட்சயா தாயின் கையை விட்டாள். இரண்டு முட்டிகளையும் இறுக்கிக்கொண்டாள். கழுத்து நரம்பு தெரிந்தது. உதடு திறந்து மூடியது. மறுபடி திறந்தது.

"ஐ வோன்ட் மிஸ் ஷாமிலா" என்றாள்.

சின்னக் குரல்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக அறை முழுவதும் கேட்டது. கீதனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மயூரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மையார் எழுந்து நின்றுவிட்டார். "பேசிவிட்டார்!" என்றார். நெஞ்சருகே குவிந்திருந்த கைகள் முதல்முறையாக விரிந்தன. "றொபேட், கேட்டீர்களா? இரண்டு வருடம் பேசாத பிள்ளை!"

"அதுவும் ஒரு முழு வசனம்" என்றார் றொபேட். அவருடைய குரலும் தழுதழுத்தது. "போட்டபிளுக்குப் போய் இன்னும் இரண்டு கிழமை ஆகவில்லை."

"சரி. அவள் கேட்டுவிட்டாள்" என்றான் கீதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்போதே கூட்டிக்கொண்டு போகட்டுமா?"

"எங்கே?"

"ஏழாம் அறைக்கு."

அம்மையார் அவனைப் பரிதாபத்தோடு பார்த்தார். "மிஸ்டர் கீதன், யோசித்துப் பாருங்கள். ஒரு புதிய தொடக்கம் ஒரு பிள்ளைக்குக் குரலையே கொடுத்திருக்கிறது. அந்தப் பிள்ளையை அதிலிருந்து எடுத்து, பேசாமல் இருந்த பழைய இடத்துக்கே அனுப்புவதா? ஒரு கல்வியாளராக என் மனச்சாட்சி அதற்கு இடம் தராது."

"அங்கேதான் பேசினாள்! அங்கேதான் முதலில் பேசினாள்!"

"அது எங்கள் பதிவில் இல்லை" என்றார் றொபேட்.

அம்மையார் கதவைத் திறந்து வெளியே இருந்த எழுதுவினைஞர்களையும் கூப்பிட்டுச் சொன்னார். எல்லாரும் வந்து வாசலில் நின்று கை தட்டினார்கள். ஒருவர் அட்சயாவின் சட்டையில் ஓர் இலை ஒட்டினார். நாளைய செய்திமடலுக்குப் படம் எடுக்க ஒருவர் போனைத் தூக்கினார். கீதன் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவளுடைய முகத்தைத் தன் கழுத்துக்குள் மறைத்தபடி வெளியே வந்தான். அவன் வாழ்நாளில் முதல்முறையாக அந்தக் கட்டடத்துக்குள் உரத்த குரலில், தமிழில், எழுதமுடியாத ஒரு சொல் சொன்னான். அதற்கும் பின்னால் கைதட்டல் கேட்டது.

காரில் மயூரி பின் இருக்கையில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தாள். கீதன் திறப்பைப் போட்டான், ஆனால் காரை எடுக்கவில்லை. முற்றத்தில் உண்மையான மரங்கள் உண்மையான இலைகளைக் கொட்டிக்கொண்டிருந்தன. ஒரு தொழிலாளி அவற்றை ஊதி ஊதி வேலியோரம் ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

"அப்பா" என்றாள் அட்சயா.

"சொல்லு குஞ்சு."

"நான் வடிவாத்தானே சொன்னனான்?"

"ஓம் அம்மா. வடிவாச் சொன்னனீ."

"அப்ப ஏன் அவை கை தட்டினவை?"